தவணை சிறியது, கடன் சிறியதல்ல

 

படிப்பை முடித்து முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் வீடுகளில் இப்போது நிறைய இருக்கிறார்கள். விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் சிலர், நெய்வேலியில் ஒப்பந்த வேலையில் சிலர், சென்னை, திருப்பூர், வளைகுடா என்று வெளியே போனவர்கள் சிலர். அல்ஹம்துலில்லாஹ், உழைத்துச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் முதல் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறிய சில வாரங்களிலேயே கடன் அவர்களைத் தேடி வருகிறது. "உங்களுக்கு இவ்வளவு கடன் தயாராக உள்ளது" என்று செல்பேசியில் செய்தி வருகிறது. கடைக்குப் போனால், "மாதம் இவ்வளவுதான் தம்பி, எடுத்துக்கொண்டு போங்கள்" என்கிறார்கள். முன்பெல்லாம் கடன் கேட்க வெட்கப்பட்டு, தயங்கி, ஒருவர் வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த வெட்கமும் தயக்கமும் ஒரு பாதுகாப்பாக இருந்தன. இன்று அது இல்லை.

நம் அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வருகிறவர்களில் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் கேட்பவர்கள் ஒரு பக்கம். வாங்கிய கடனை அடைக்க வழி கேட்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வகையினரிடம் பேசும்போது நாங்கள் பொதுவாகக் காண்பது ஒன்றுதான். மாதத் தவணை எவ்வளவு என்பது அவர்களுக்கு மனப்பாடம். மொத்தம் எவ்வளவு கட்டப் போகிறோம் என்று கேட்டால் பதில் வருவதில்லை. இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவதும் அதைத்தான். கையெழுத்துப் போடும் முன் தவணையைப் பார்க்காதீர்கள், மொத்தத்தைப் பாருங்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

கடன் வாங்குவதே பாவம் என்று இஸ்லாம் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்களே ஒரு யூதரிடம் தம் கவசத்தை அடமானம் வைத்து உணவு தானியம் வாங்கியதாக ஸஹீஹுல் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. தேவை வரும்; வாங்க வேண்டியும் வரும். ஆனால் வட்டியை அல்லாஹ் ஹராமாக்கியிருக்கிறான். கடனை அலட்சியமாக எடுத்துக்கொள்வதையும் மார்க்கம் மிகக் கடுமையாகப் பார்க்கிறது.

கடனிலிருந்து பாதுகாக்கும்படி நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் அதிகமாக துஆச் செய்வார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகக் கேட்கிறீர்கள் என்று வினவப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்ல நேர்கிறது, வாக்களித்தால் மாறு செய்ய நேர்கிறது என்ற கருத்தில் விளக்கம் தந்தார்கள். இதை நம் ஊரிலேயே பார்க்கிறோம். நல்ல பிள்ளையாக வளர்ந்தவன், கடன்காரரின் எண்ணைப் பார்த்ததும் "நான் ஊரில் இல்லை" என்கிறான். முதலில் கெடுவது பணம் அல்ல, நாக்குதான்.

திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது, தவணையைக் குறிப்பது, சாட்சிகளை வைப்பது பற்றியது. அண்ணன் தம்பிக்குள் கொடுத்தாலும் எழுதிக்கொள்வது நம்பிக்கைக் குறைவு அல்ல. அது மார்க்கம் காட்டிய முறை. எழுதப் பழகியவன் கணக்குப் பார்க்கவும் பழகிவிடுவான்.

கணக்குப் பார்ப்பது எப்படி?

நம் பக்கத்தில் "ரெண்டு வட்டி", "அஞ்சு வட்டி" என்று சொல்வது வழக்கம். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்பது அதன் பொருள். கேட்கும்போது சின்ன எண். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். ஐந்து வட்டி என்றால் 60 சதவீதம். பத்து வட்டி என்றால் 120 சதவீதம். அதாவது ஓராண்டில் அசலைவிட வட்டி பெரிது.

வாரக் கடனை எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் கடன் என்று சொல்லி, 1,000 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் கையில் தருகிறார்கள். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாய்தானே அதிகம்" என்று தோன்றும். ஆனால் அந்த 9,000 ரூபாயும் பத்து வாரமும் உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் வாரத்திலிருந்தே திரும்பிப் போகிறது. சரியாகக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தொடும் வட்டி.

அடுத்து இருசக்கர வாகனம். விலை 1,10,000 ரூபாய். முன்பணம் 20,000. மீதி 90,000 ரூபாய்க்கு "12 சதவீத வட்டி, மூன்று வருடம், மாதம் 3,400 மட்டும்" என்கிறார்கள். 3,400 ரூபாயை 36ஆல் பெருக்கினால் 1,22,400. வட்டி மட்டும் 32,400 ரூபாய். ஏறக்குறைய ஒன்பதரை மாதத் தவணை முழுவதும் வட்டிக்கே போகிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இந்த 12 சதவீதம் "பிளாட்" வட்டி. அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு 90,000 ரூபாய்க்கும் மூன்று வருடமும் வட்டி போடுவார்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி சுமார் 21 சதவீதம்.

கடன் அட்டையிலும் இதே கதைதான். 40,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. குறைந்தபட்சத் தொகை 2,000 மட்டும் கட்டினால் போதும் என்று வருகிறது. மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 1,400 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 252 ரூபாய். ஆக நீங்கள் கட்டிய 2,000 ரூபாயில் 1,652 போய்விட்டது. அசலில் குறைந்தது வெறும் 348 ரூபாய்.

"வட்டியில்லாத் தவணை" என்ற விளம்பரத்தையும் பார்க்கிறோம். வட்டியே இல்லாத தவணைக் கடன் என்ற கருத்தே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி போயிருக்கும், அல்லது பிராசஸிங் கட்டணம் என்ற பெயரில் வேறு வழியில் வந்திருக்கும். கடைக்காரரே ஒரே நிலையான விலைக்குத் தவணையில் விற்பதும், நடுவில் ஒரு நிதி நிறுவனம் வட்டிக்குக் கடன் தருவதும் மார்க்கத்தில் ஒன்றல்ல. ஐயம் இருந்தால் வாங்கும் முன் நம் இமாமிடமோ ஆலிம்களிடமோ தாளைக் காட்டிக் கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய இயலாது.

2024 அக்டோபர் 1 முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடன் தரும் முன் "முக்கிய விவர அறிக்கை" என்ற தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்க வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அந்தத் தாளைக் கேளுங்கள். தரத் தயங்குகிற இடத்தில் கையெழுத்து வேண்டாம்.

செல்பேசிக்குள் வரும் கடன்

ஐந்து நிமிடத்தில் கடன் என்று சொல்லும் செயலிகளில் முறையானவையும் உண்டு, மோசடியானவையும் உண்டு. மோசடிச் செயலிகளின் வழி ஏறக்குறைய ஒன்றுதான். 5,000 ரூபாய் கடன் என்று காட்டி, கட்டணம் கழித்து 3,500 ரூபாய் அனுப்புவார்கள். ஏழு நாளில் 5,000 கட்டச் சொல்வார்கள். ஒரே வாரத்தில் நூற்றுக்கு 43 ரூபாய். கட்ட முடியாவிட்டால் இன்னொரு செயலியைக் காட்டுவார்கள். செயலியை இறக்கும்போதே நம் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு உறவினர்களுக்கும் வேலை கொடுத்தவருக்கும் அவமானச் செய்திகள் போகும். படங்களை ஆபாசமாக மாற்றி அனுப்புவதும் நடக்கிறது.

இதற்கு விதிகள் இருக்கின்றன. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கடன் செயலி நம் தொடர்பு எண்கள், படக்கோப்புகள், அழைப்புப் பதிவுகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது. கடன் தரும் வங்கியோ பதிவு பெற்ற நிதி நிறுவனமோ யார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. "தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி" என்று ஒரு கடன் செயலி கேட்டால், அதுவே போதும். அந்த இடத்திலேயே நீக்கிவிடுங்கள்.

பிறர் கடனுக்கு நம் பெயர்

"ஆதாரும் பான் அட்டையும் கொடு, உன் பெயரில் போன் எடுத்துக்கொள்கிறேன், தவணையை நான் கட்டுகிறேன்" என்று நண்பன் கேட்பான். முகத்துக்கு நேரே மறுக்க முடியாமல் கொடுத்துவிடுவோம். சட்டப்படி அது உங்கள் கடன். அவன் கட்டாவிட்டால் உங்கள் சிபில் மதிப்பெண் குறையும். நாளை வீட்டுக்கோ தொழிலுக்கோ வங்கிக்குப் போனால் அது குறுக்கே நிற்கும்.

ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது. சும்மா சாட்சிக் கையெழுத்து என்று யாராவது சொன்னால் தாளைப் படித்துப் பாருங்கள். அந்தக் கடனை நீங்களே அடைக்க வசதியும் மனமும் இருந்தால் மட்டும் போடுங்கள்.

நிரப்பாத காசோலை, எழுதாத புரோநோட்டு, வெற்றுப் பத்திரம் ஆகியவற்றில் எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள். காசோலை பணமின்றித் திரும்பினால் அது குற்ற வழக்காகும். இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை

இளைஞர்களை மட்டும் குறை சொல்லி முடிப்பது நியாயமாகாது. பிள்ளையின் பெயரில் இருக்கும் கடன் பல வீடுகளில் பிள்ளைக்காக வாங்கியது அல்ல. அக்காவின் நிக்காஹுக்கு மண்டபம், சீர், விருந்து. ஊர் மெச்ச வேண்டும் என்று வீட்டுக்கு மேல்தளம். மகனுக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது என்பதால் அவன் பெயரில் தனிநபர் கடன். இருபத்திரண்டு வயதில் ஐந்தாண்டுக் கடனைத் தோளில் ஏற்றுகிறோம். அத்தா கேட்டால் மறுக்க முடியுமா? அந்தக் கடன் முடியும்போது அவனுக்கே நிக்காஹ் வயது வந்திருக்கும். மறுபடியும் ஒரு கடன்.

செலவு குறைந்த நிக்காஹே பரக்கத்துக்குரியது என்பதை மிம்பரில் கேட்கிறோம். பத்திரிகை அடிக்கும்போது மறந்துவிடுகிறோம். வலீமா சுன்னத்துதான். ஆனால் அது கடன் வாங்கி ஆயிரம் பேருக்குப் போடும் விருந்து அல்ல. விரலுக்கேற்ற வீக்கம் என்பது மார்க்கத்துக்கும் பொருந்தும் பழமொழி. பிள்ளைகளின் முதல் மூன்று ஆண்டுச் சம்பளத்தைக் கடன் இல்லாமல் விட்டுவைப்பதே நாம் அவர்களுக்குத் தரும் பெரிய சொத்து.

பதினைந்தாயிரத்தில் ஒரு கணக்கு

மாதம் 15,000 சம்பளம் வாங்கும் ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்போம். வீட்டுக்கு 7,000. பேருந்து, பெட்ரோல், மதியச் சாப்பாட்டுக்கு 3,000. ரீசார்ஜ், உடை, சொந்தச் செலவுக்கு 2,000. திடீர்ச் செலவுக்கு என்று 1,500. வாகனம், நிக்காஹ் போன்ற பின்நாள் தேவைக்கு 1,500. கடைசி இரண்டையும் மாதக் கடைசியில் மிஞ்சினால் வைக்கலாம் என்று நினைத்தால் மிஞ்சாது. சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஓராண்டில் திடீர்ச் செலவுக்கு 18,000 ரூபாய் கையில் இருக்கும். ஒரு காய்ச்சலுக்கோ, வேலை இல்லாத ஒரு மாதத்துக்கோ வாரக் கடனை நோக்கி ஓட வேண்டியிருக்காது. அவசரம்தான் மனிதனை வட்டிக்குத் தள்ளுகிறது. அந்த 18,000 ரூபாய் அவசரத்தை விலைக்கு வாங்கிவிடுகிறது.

மேலே சொன்ன வாகனத்தையே திரும்பப் பாருங்கள். 36 மாதம் கட்டச் சம்மதிக்கும் அதே 3,400 ரூபாயை 27 மாதம் சேர்த்தால் 91,800. வட்டியில்லாமல் அதே வண்டி. அவ்வளவு காலம் பொறுக்க முடியாத வேலை என்றால், கையில் இருக்கும் முன்பணத்தோடு கொஞ்சம் சேர்த்து நல்ல நிலையில் உள்ள பழைய வண்டி ஒன்றை வாங்குங்கள். தெரிந்த மெக்கானிக்கையும் உடன் அழைத்துப் போங்கள். பழைய வண்டியில் போகிறவனை யாரும் தேடி வந்து வழிமறிக்க மாட்டார்கள்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. கடனை அடைக்க "ஹலால் முதலீடு", மாதம் இத்தனை சதவீதம் லாபம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பெங்களூருவில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் அப்படித்தான் ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டி, 2019 ஜூனில் கதவை மூடியது. தொப்பியும் தாடியும் கணக்குப் புத்தகத்துக்கு உத்தரவாதம் அல்ல.

ஏற்கெனவே கடனில் இருப்பவர்களுக்கு

முதலில் ஒரு தாளை எடுத்து எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு அசல், இதுவரை எவ்வளவு கட்டினோம், என்ன வட்டி, அடுத்த தேதி எப்போது. இரண்டாவது, வீட்டில் சொல்லுங்கள். அத்தா திட்டுவார், அம்மா அழுவார். இரண்டு நாளில் அவர்களே வழி தேடுவார்கள். மூன்றாவது, பழைய கடனை அடைக்கப் புதிய கடன் வாங்காதீர்கள். நான்காவது, எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத்தைக் கட்டிவிட்டு, அதிக வட்டிக் கடனை முதலில் முடியுங்கள். ஐந்தாவது, தவணை தவறும் முன்பே கடன் தந்தவரிடம் போய் அவகாசம் கேளுங்கள். முடித்த கடனுக்குப் பாக்கியில்லைச் சான்றும், கொடுத்த பத்திரங்களையும் திரும்ப வாங்குங்கள்.

மிரட்டல் வந்தால் பயப்பட வேண்டாம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கடன் வசூலில் வற்புறுத்துவதைத் தடுக்க 2025இல் சட்டமன்றம் இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது. செயலி மோசடி என்றால் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வங்கி, பதிவு பெற்ற நிதி நிறுவனம் மீது புகார் என்றால், முதலில் அவர்களிடமே எழுத்தில் கொடுங்கள். தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் கேட்கலாம்.

ஆனால் சட்டம் இருப்பது மட்டும் போதாது. 2017 அக்டோபர் 23 அன்று, கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே உயிரை இழந்தது. இரண்டு பச்சிளம் பெண் குழந்தைகளும் அதில் அடக்கம். சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் பலமுறை மனுவும் கொடுத்திருந்தார்கள். ஒரு கடன்காரரை மனுவோடு தனியாக அனுப்பக் கூடாது, கூடப் போக வேண்டும் என்பதையே அந்தச் சம்பவம் நமக்குச் சொல்கிறது. மனம் உடைந்து தவறான எண்ணம் யாருக்காவது வந்தால், அரசின் 14416 எண்ணிலும் 104 எண்ணிலும் எந்த நேரமும் பேசலாம்.

ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் கடன்பட்டோரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் இன்னும் சிறப்பு என்றும் வழிகாட்டியிருக்கிறான். கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பைத்துல்மால் வைத்து வட்டியில்லாக் கடன் தருகிறார்கள். நம் அளவு சிறியது. ஆனாலும் உட்கார்ந்து கணக்குப் பார்த்துத் தருவதற்கும், கடன் தந்தவரிடம் அவகாசம் பேசுவதற்கும், காவல் நிலையத்துக்குக் கூட வருவதற்கும் நாங்கள் இருக்கிறோம். சொல்லப்படும் விஷயம் வெளியே போகாது. அது எங்களிடம் அமானிதம். கையெழுத்துப் போடும் முன் தாளோடு வந்தால் இன்னும் நல்லது. வசதி உள்ளவர்கள் தம்மிடம் கடன்பட்டிருக்கும் ஏழைக்கு இந்த மாதம் ஒரு தவணையை விட்டுக்கொடுத்தால் அதுவும் பெரிய உதவி.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக! ஹலாலைக் கொண்டு போதுமாக்கி, கடனின் சுமையிலிருந்தும் மனிதர்களின் ஆதிக்கத்திலிருந்தும் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.